இன்டர்வல்: ஓட்டமா, ஓய்வா?

ஓட்டப் பயிற்சிகளை நாட்காட்டியில் குறித்து, அப்படியே கைக்கடிகாரத்துக்கு அனுப்பிவிடும் ஒரு சிறிய மென்பொருளுக்குத் தமிழில் ஆவணம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதை இயக்கப்போவது ஏஐ ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்துமுடிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல். இன்டர்வல் பயிற்சி என்றால் வேகமாக ஓடி, சற்று ஓய்வெடுத்து, மறுபடி ஓடுவது. ஓடுபவர் "வியாழக்கிழமை எனக்கு ஆறு இன்டர்வல் போடு" என்பார். ஏஜென்ட் ஆவணத்தைப் படித்து, எந்தப் புலத்தில் (நிரப்ப வேண்டிய கட்டத்தில்) எதை நிரப்புவது என்று முடிவுசெய்யும்.

முதல் வரைவில் இன்டர்வலைத் தமிழாக்கி ஒரு புலத்துக்கு 'இடைவெளியின் நீளம்' என்று பெயர் வைத்திருந்தேன். சோதித்தபோது ஒருமுறை அதில் 400 மீட்டர் வந்து உட்கார்ந்தது, இன்னொரு முறை 90 விநாடி. முன்னது ஓட வேண்டிய தூரம், பின்னது ஓய்வு நேரம். ஏஜென்டைக் குறை சொல்ல முடியாது. குழப்பம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இன்டர்வல்லின் வேர் லத்தீனில் 'இன்டர்வல்லும்'. 'இன்டர்' என்றால் இடையே, 'வல்லும்' என்றால் மண்ணும் மரக்கழிகளும் கொண்டு எழுப்பிய அரண். ரோமானியப் படைகள் பாசறை அமைக்கும்போது, அரணுக்கும் கூடாரங்களுக்கும் நடுவே வெறும் நிலம் விடுவார்கள். அது 200 அடி என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். எதிரி எறியும் ஆயுதம் கூடாரத்தை எட்டக் கூடாது, படை வந்துபோக வழியும் வேண்டும். ஆக, இந்தச் சொல் முதலில் குறித்தது நிலத்தில் விட்ட வெற்றிடத்தை. பின்னால் அது காலத்துக்கும் வந்தது. நம் 'இடைவெளி'யும் இதே வழியில் நடந்த சொல்தான். வெளி என்றால் திறந்த இடம், ஆனால் "இரண்டு நாள் இடைவெளி" என்றும் இயல்பாகச் சொல்கிறோம்.

ஓட்டப் பயிற்சிக்குள் இந்தச் சொல்லை நிலைநிறுத்தியதில் 1930களின் ஜெர்மனிக்குப் பெரும்பங்கு உண்டு. பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவுக்கு ஏறும்படி ஒரு குறுந்தூரம் ஓட வேண்டும். பிறகு அது 120 அளவுக்கு இறங்கும்வரை ஓய்வு. 90 விநாடிக்குள் இறங்காவிட்டால், ஓட்டம் அளவுக்கு மீறிக் கடுமையாகிவிட்டது என்று பொருள். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ஃப் ஹார்பிக் 1939இல் மிலானில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்த உலக சாதனை 1955 வரை நின்றது.

இதில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. இதயம் வலுப்பெறுவது முக்கியமாக அந்த ஓய்வு நேரத்தில்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். அதனால்தான் பயிற்சியின் பெயரே ஓய்வைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இன்டர்வல் என்றால் ஓட்டங்களுக்கு நடுவே விடும் நேரம்.

காலப்போக்கில் ஓடுபவர்களின் வாயில் அது தலைகீழாகிவிட்டது. இன்று "ஆறு இன்டர்வல் ஓடினேன்" என்றால் ஆறு முறை வேகமாக ஓடினேன் என்றுதான் அர்த்தம். கைக்கடிகாரங்கள் பல படிக்கும் ஃபிட் கோப்பு வடிவத்திலும் அப்படித்தான்: பயிற்சிப் படிகளின் வகைகளில் இன்டர்வல் தனி, ஓய்வு தனி. பழைய பொருளில் எடுத்தால் கணக்கே மாறும். ஆறு ஓட்டங்களுக்கு நடுவே ஐந்து இடைவெளிதான் வரும். ஆறு இடைவெளி வேண்டுமென்றால் ஏழு முறை ஓட வேண்டும்!

மென்பொருளில் மூன்றாவது பொருள் ஒன்றும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் 'செட்இன்டர்வல்' என்ற கட்டளைக்கு 5,000 மில்லிவிநாடி கொடுத்தால், ஒரு வேலை 5 விநாடிக்கு ஒருமுறை திரும்ப நடக்கும். இங்கே அது ஓட்டமும் இல்லை, ஓய்வும் இல்லை. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு. பயிற்சியை வாரந்தோறும் வைக்கும் கருவிக்கு இந்தப் பொருளும் தேவைப்படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இடைவேளை' என்றதும் திரையரங்கு விளக்குகள்தான் நினைவுக்கு வருகின்றன. வேளை என்பதில் பொழுது என்ற பொருள் இருப்பதால், 90 விநாடிக்கு அது பெரிய சட்டை. 'இடைவெளிப் பயிற்சி' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் எந்தப் பகுதி ஓட்டம், எது ஓய்வு என்று அது காட்டாது.

ஒரே சொல்லால் மூன்றையும் மொழிபெயர்க்கும் ஆசையை நான் விட்டுவிட்டேன். முழுப் பயிற்சிக்கு 'விட்டுவிட்டு ஓடும் பயிற்சி'. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேகமாக ஓடும் பகுதி 'விரைவோட்டம்'. நடுவில் வரும் ஓய்வுக்கு 'இளைப்பாறல்'. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இளைப்பு என்றால் மேல்மூச்சு வாங்குவது, ஆறுவது என்றால் தணிவது. துடிப்பு 180இலிருந்து 120க்கு இறங்குவதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. கடைசியாக, கால அளவுக் கணக்குக்கு 'இடைவெளி'யைப் பயன்படுத்தாமல் 'எத்தனை நாளுக்கு ஒருமுறை' என்றே புலத்துக்குப் பெயரிட்டேன். நீளம்தான், ஆனால் தப்பாகப் படிக்க வழியில்லை.

ஓடுபவர்கள் இன்டர்வல் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் ஏஜென்டுக்கான குறிப்பில் இப்போது இப்படி இருக்கிறது: "பயனர் 'இன்டர்வல்' என்று எண்ணிக்கையோடு சொன்னால் அது விரைவோட்டம். நேரத்தை மட்டும் சொன்னால், அது ஓடும் நேரமா இளைப்பாறும் நேரமா என்று கேட்டுவிட்டு, அப்புறம் நிரப்பு."