சாலையோரம் எழும் அரசுக் கட்டடம்: வழக்கு எங்கே நிற்கும், எங்கே சரியும்

நெரிசல் மிகுந்த சாலையை ஒட்டி மருத்துவமனையோ பேருந்து நிலையமோ அரசு அலுவலக வளாகமோ வரப்போகிறது என்று தெரிந்ததும் வழக்கறிஞரைத் தேடி வருபவர்கள், பெரும்பாலும் போக்குவரத்து நெரிசலைப் படம்பிடித்த கைப்பேசிக் காணொளிகளோடுதான் வருகிறார்கள். அவர்களின் கவலை நியாயமானதே. ஆனால் அது மட்டும் ஒரு வழக்கைத் தாங்காது. கட்டடத்தை எங்கே கட்டுவது என்பது நிர்வாகத்தின் முடிவு. அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் ரிட் மனுவை (அரசின் செயலை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் மனுவை) விசாரிக்கும் உயர் நீதிமன்றம் இதைவிட நல்ல இடத்தைத் தேடித் தராது. எந்தச் சட்டம் மீறப்பட்டது என்பதையே முதலில் கேட்கும்.

ஆகவே நிலத்தின் தன்மையிலிருந்து தொடங்க வேண்டும். புல வரைபடத்தையும் வருவாய்ப் பதிவேட்டையும் ஊரின் நிலப்பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்தையும் (மாஸ்டர் பிளான்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்டடம் வரவிருக்கும் நிலத்தின் ஒரு பகுதி சாலைப் புறம்போக்காகவோ பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டதாகவோ இருப்பது சில வேளைகளில் தெரியவரும். அப்படி இருந்தால் வழக்கின் வலுவே வேறு. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலைகள் வைக்கவோ கட்டுமானங்கள் எழுப்பவோ அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தெருவிளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டு அமைப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுத்த வழக்கில், அப்பகுதியில் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று 1991இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, அந்த ஒதுக்கீடு செல்லாது என்பதை உறுதிசெய்தது. லக்னோவில் மாநகராட்சியின் இசைவோடு ஒரு பூங்காவுக்கு அடியில் கட்டப்பட்ட வணிக வளாகத்தை அகற்றிப் பூங்காவை மீட்டுத்தர வேண்டும் என்ற 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதே வரிசையில் வருவதுதான்.

நிலத்தில் பழுதில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது வரைபட அனுமதியை. குறிப்பாக, வாயில் எங்கே திறக்கிறது என்பதை. என்னிடம் வந்த ஒரு விவகாரத்தில் மனுதாரர்கள் கட்டடமே கூடாது என்று உறுதியாக நின்றார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, ஆம்புலன்ஸ் நுழையும் வாயில் முச்சந்தியின் வளைவிலேயே திறந்தது. பின்புறத்தில் இருந்த அகலமான தெருவின் பக்கம் வெறும் மதில்சுவர். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால், 2002ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வாகனங்களுக்கான அணுகுவழிக்கு உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். கட்டட அனுமதி இருப்பதாலேயே அது தானாகக் கிடைத்துவிடாது. கட்டுமானத்தை நிறுத்தக் கோருவதைவிட வாயிலை மாற்றக் கோருவது நீதிமன்றத்துக்கும் எளிது, துறைக்கும் ஏற்கத்தக்கது. அனுபவத்தில் பல வழக்குகள் இந்தப் புள்ளியில்தான் உண்மையில் தீர்கின்றன.

கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ என்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்களே அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம், அதற்கப்பால் வழியில்லை.

இத்தகைய வழக்குகளைப் பெரும்பாலும் கவிழ்ப்பது காலதாமதமே. அடிக்கல் நாட்டியபோது பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டும்போது தடை கேட்டால், செலவாகிவிட்ட பொதுப்பணத்தைக் காட்டியே அரசுத் தரப்பு மனுவைத் தள்ளுபடி செய்யச் சொல்லும். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், அரசுக்கு எதிரான வழக்குக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியுடன் அதைத் தவிர்க்கலாம். அதோடு, 2018இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act), உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் உறுத்துக் கட்டளையை, அதாவது தடையாணையை, வழங்கக்கூடாது என்கிறது. அதன் அட்டவணையில் மருத்துவமனைகளும் கல்வி நிறுவனங்களும் அடங்கும். இதை அறியாமல் தடையாணை ஒன்றையே நம்பித் தொடுக்கப்படும் வழக்குகள் முதல் வாய்தாக்களிலேயே தளர்ந்துவிடுகின்றன.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். கோப்பை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. வரைபடத்தின் இறுதி வடிவத்தைவிட, அதற்கு முந்தைய குறிப்புரைகளில்தான் போக்குவரத்துக் காவல்துறையோ நெடுஞ்சாலைத் துறையோ தெரிவித்த ஆட்சேபம் பதிவாகியிருக்கும். பதில் வர 30 நாட்கள் ஆகலாம் என்பதால், அதுவரை காத்திராமல் திட்டமிடல் அதிகாரிக்கும் துறைக்கும் எழுத்து மூலமான ஆட்சேபத்தை ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். தாமதிக்கவில்லை என்பதற்கு அந்த ஒப்புகையே பின்னாளில் சான்று.

மனுவின் கோரிக்கைப் பகுதியில், அனுமதியை ரத்து செய்யக் கோருவதோடு, மாற்றாக வாயிலை இடம் மாற்றவும், வாகன நிறுத்தத்தை வளாகத்துக்குள்ளேயே அமைக்கவும், அதுவரை நெரிசல் சாலைப் பக்கத்து வாயிலைத் திறக்காதிருக்கவும் தனித்தனியே கேட்பது நல்லது. இடைக்காலத் தடை பெற்றுத் திட்டம் தாமதமானால், பிறகு வழக்கில் தோற்கும்போது அதன் விளைவுகளுக்கு மனுதாரரைப் பொறுப்பாக்கலாம் என்று 1998இல் ஒரு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதைக் கட்சிக்காரரிடம் கையொப்பம் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.