ஆயிலில் மின்னுவது பித்தளையா, இரும்பா?

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். சின்ன சரக்கு வண்டி வைத்திருக்கிறார். பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் ஷீட் ஏற்றி மார்த்தாண்டத்தில் இறக்குவதுதான் தொழில். வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒரு மாதமாக முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது மட்டும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு மெக்கானிக், "கியர் பாக்ஸ் போச்சு, வேற மாத்திருங்க" என்றாராம். இன்னொருவர், பிரித்துப் பார்த்தால் சின்ன வேலையோடு முடியலாம் என்றாராம். வாசகரின் அம்மாவோ வண்டிக்குக் கண் பட்டிருக்கிறது என்கிறார். மூன்று பேரில் யாரை நம்புவது என்பது கேள்வி.

அம்மாவிடம் அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'கர்ர்ர்'.

பெரிய சக்கரம், சின்னச் சக்கரம், வேகம் குறைந்தால் இழுவை கூடும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதுவும் தேவையில்லை. பலருக்குத் தெரியாத சங்கதி வேறு. கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் ஒன்றைவிட்டு விலகி இன்னொன்றோடு போய்ச் சேர்வதில்லை. முன்னே போகும் கியர்கள் எல்லாமே எந்நேரமும் தத்தம் ஜோடியோடு கோத்தபடிதான் சுற்றுகின்றன. வெளியே போகும் ஷாஃப்டின்மேல் (வண்டிச் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) இரண்டாவது கியர் சக்கரமும் மூன்றாவதும் ஊசி பேரிங்கில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நாம் லீவரைத் தள்ளும்போது அவற்றில் ஒன்றை ஷாஃப்டோடு பூட்டுகிறோம், அவ்வளவுதான். பூட்டு போடுவது ஸ்லீவ்: உள்பக்கம் பல் வெட்டிய, ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றியபடியே முன்னும் பின்னும் நகரும் ஒரு வளையம்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது, முதல் கியர் விகிதம் 3.5 (இன்ஜின் 3.5 சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று), இரண்டாவது 2 என்று வைத்துக்கொள்வோம். வெளியே போகும் ஷாஃப்ட் சுமார் 857 சுற்றில் ஓடும். அதன்மேல் சும்மா கிடக்கும் இரண்டாவது கியர் சக்கரமோ 1,500 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். வித்தியாசம் 643 சுற்று. இந்த நிலையில் பல்லோடு பல்லைக் கோக்கப் போனால் என்ன ஆகும்? அதுதான் 'கர்ர்ர்'.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் கிளம்பிவிட்ட பஸ்ஸில் தொற்றியவர்களுக்கு இதற்கு விடை தெரியும். நின்ற இடத்திலிருந்து கைப்பிடியைப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். பஸ்ஸோடு சேர்ந்து நாலெட்டு ஓடி, வேகம் ஒன்றான பிறகு காலை வைத்தால் படி தானாகக் காலுக்கடியில் வரும். (செய்யாதீர்கள். நானும் இப்போது செய்வதில்லை.) பழைய லாரி டிரைவர்கள் இந்த ஓட்டத்தைத் தங்கள் காலாலேயே செய்தார்கள். டபுள் கிளச் என்பார்கள். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியர். நேரம் தப்பினால் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இந்த வேலையைக் கியர் பெட்டிக்குள்ளேயே முடிக்கும் ஏற்பாடு வந்தது. நம் மெக்கானிக்குகள் அதில் முக்கியமான பாகத்தை சிங்க்ரோ ரிங் என்பார்கள், சிலர் பிராஸ் ரிங் என்பார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ரிங்கைப் பற்றிப் பேசத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வளையல் அளவில் ஒரு பித்தளை வளையம். உள்பக்கம் லேசான கூம்பு, சாய்வு சுமார் 7 டிகிரி. கியர் சக்கரத்தின் பக்கவாட்டிலும் அதே சாய்வில் எஃகுக் கூம்பு துருத்திக்கொண்டிருக்கும். வளையத்தின் வெளிவிளிம்பில் ஸ்லீவின் பல்லுக்குப் பொருந்தும் குட்டிப் பற்கள். லீவரைத் தள்ளியதும் ஸ்லீவ் முதலில் இந்த வளையத்தைக் கூம்பின்மேல் அழுத்துகிறது. சக்கரம் வேகமாகச் சுற்றுவதால் உரசல் வளையத்தையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். ஆனால் வளையம் அரைப் பல் அளவுக்கு மேல் திரும்ப முடியாதபடி மூன்று சாவிகள் (சின்ன உலோகக் கட்டைகள்) அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த அரைப் பல் திருப்பத்தில்தான் வித்தையே இருக்கிறது. வளையத்தின் பற்கள் இப்போது ஸ்லீவின் பற்களுக்கு நேர் எதிரே, முனைக்கு முனை, வழியை மறித்து நிற்கும். நீங்கள் பலமாகத் தள்ளினால் உரசல் கூடும், மறிப்பும் அதற்கேற்பக் கூடும். தள்ளுகிற பலமெல்லாம் சக்கரத்தின் வேகத்தை அடக்கத்தான் போகிறது.

வேகம் அடங்கி இரண்டும் ஒன்றாகிற நொடியில் இழுவை இல்லாமல் போகிறது. இழுவை போனால் வளையத்தைத் திருப்பி வைத்திருந்த விசையும் போகிறது. சாய்வாகச் சீவிய பல்முனைகள் வளையத்தை மெல்ல ஒதுக்க, ஸ்லீவ் நழுவிக் கியருக்குள் போய் உட்காருகிறது. 'டொக்'. எல்லாம் ஒரு நொடிக்குள். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. இரண்டு வேகமும் சமமா என்று ஒரு பித்தளைத் துண்டு சோதித்து, சமமானால் மட்டும் விடுகிறது. வேகத்தை அடக்கும் அதே உரசல்தான் வாசலையும் மறிக்கிறது. தன் வேலை முடிந்ததும் தானே விலகிக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. சாய்வு இன்னும் குறைந்திருந்தால் வளையம் கூம்பில் ஆப்புபோல இறுகிக் கழலாமல் போகும். கூடியிருந்தால் பிடிப்பு போதாது.

ஆயிலுக்குள் முங்கிக் கிடக்கும் பித்தளைக்கு எஃகில் எப்படிப் பிடிப்பு வரும்? வளையத்தின் உள்பக்கத்தில் தலைமுடி கனத்தில் திருகுமரைபோல வரிவரியாக வெட்டியிருப்பார்கள். அந்த வரிகளின் கூர்மேடுகள் ஆயிலை வழித்துத் தள்ளிவிட்டு உலோகத்தைத் தொடும். லட்சக்கணக்கான தடவை கியர் மாற்றிய பிறகு மேடுகள் மழுங்கும். அப்போது வளையம் ஆயில் படலத்தின்மேல் வழுக்கும். உரசல் இல்லாவிட்டால் மறிப்பும் இல்லை. ஸ்லீவ் நேராகப் போய் கியரின் பூட்டுப் பல்லில் மோதும். மலையேற்றப் பாதையில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்குமே நாளெல்லாம் மாறி மாறி ஓடும் வண்டியில் இரண்டாவது ரிங் முதலில் போவதில் ஆச்சரியம் இல்லை.

தேய்வதற்கென்றே செய்த பாகம் அது. கியர் பெட்டியைச் சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது: தேய வேண்டியது தேய்ந்திருக்கிறதா, தேயவே கூடாதது தேய்ந்திருக்கிறதா?

தக்கலை பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஆசான் இருக்கிறார். ஒர்க்‌ஷாப் பையன்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. வாசகரின் கேள்வியை அவரிடம் சொன்னேன். "பிரிக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சாரே. அதுக்கு முன்னால அந்த ஆயில ஒரு வெள்ளத் தட்டுல வடிச்சு வெயில்ல பாக்கச் சொல்லும்" என்றார்.

வெயிலில் பார்த்தால் என்ன தெரியும்? பொன்னிறத்தில் மின்னும் தூள், காந்தம் இழுக்காதது: பித்தளை, அதாவது ரிங். வடிகால் போல்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் களிம்பு: கவலை வேண்டாம், எல்லாப் பெட்டியிலும் இருக்கும். காந்தத்தில் ஊசி ஊசியாக, செதில் செதிலாக, பல் துண்டாக இரும்பு: பேரிங்கோ சக்கரமோ உடைகிறது. வெள்ளியாக மின்னியும் காந்தத்துக்கு மசியாவிட்டால் அலுமினியம். வெளிப்பெட்டியையே ஏதோ அரிக்கிறது. ஆயில் டீ நிறத்தில் பால்போலத் திரண்டிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் குழித்துறை சப்பாத்துபோன்ற தாழ்ந்த பாலங்களில் தண்ணீரில் இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடிச் சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். அன்றைக்கே ஆயிலை மாற்றினால் தப்பித்தது. ஒரு மாதம் விட்டால் பேரிங்கில் துரு.

இரும்புச் செதில் ஏன் அவ்வளவு மோசம்? எங்கள் ஊர் முந்திரிக்கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கடக்கென்று கடிபடும் ஓடு, உள்ளே இளகிய பயறு. கியர் பல்லும் அப்படித்தான். எஃகைச் சுமார் 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கார்பனை மேற்பரப்பில் ஊற வைத்து, சட்டென்று குளிர வைப்பார்கள். மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தோல் மட்டும் மிகக் கடினமாகும். உள்ளே மிருதுவாகவே இருக்கும், அடி தாங்க வேண்டுமே. அந்தத் தோலில் ஒரு செதில் பெயர்ந்தால் மிச்சம் வெறும் பயறுதான், சீக்கிரமே பொடியும். வெல்டிங் வைத்து லேத்தில் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பல்லின் கடினமும் போய்விடும். சக்கரத்தை மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பழைய பல் தன் ஜோடிக்கேற்பத் தேய்ந்திருக்கும். பெயர்ந்த செதில் சும்மாவும் இருக்காது. ஆயிலோடு சுற்றி எல்லா பேரிங்கிலும் புகுந்து வரும். ஒரு சக்கரத்தின் செலவு நாலு பேரிங், ஒரு ஷாஃப்ட் என்று வளர்ந்து பெட்டி விலையின் பாதியைத் தாண்டினால் நான் வேறு பெட்டிக்குப் போய்விடுவேன். வெளிப்பெட்டியில் பேரிங் உட்காரும் குழியே தளர்ந்திருந்தால் யோசிக்கவே மாட்டேன்.

வேறு பெட்டி என்றால் பெரும்பாலும் ஆக்கர் கடைப் பெட்டிதான், அதாவது பழைய சாமான் கடையில் கிடைப்பது. அதற்கும் அதே வெள்ளைத் தட்டு சோதனை. உள்ளே வரும் ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், சுற்றிப் பாருங்கள். ஒரே மாடலிலேயே வேறு விகிதத்தில் சக்கரம் போட்ட பெட்டிகள் உண்டு, நம்பரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அதற்கும் முன்னால், சத்தத்துக்குக் காரணம் பெட்டிதானா என்று பாருங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் பழைய காரில் இதே சத்தம் வந்தபோது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னதைக் கேட்டு அவசரமாக செகண்ட் ஹேண்ட் பெட்டி மாட்டினேன். நாலு நாளில் அதே 'கர்ர்ர்'. கடைசியில் பார்த்தால் கிளச் கேபிள் தளர்ந்து, மிதித்தாலும் கிளச் இன்ஜினைப் பெட்டியிலிருந்து முழுக்க விடாமல் இருந்திருக்கிறது. சிங்க்ரோ ரிங் அடக்க வேண்டியது சில சக்கரங்களின் ஓட்டத்தை மட்டும். கிளச் விடாவிட்டால் இன்ஜினையே அடக்கச் சொல்கிறோம். பாவம், அது என்ன செய்யும்? எல்லா கியரும் ஒரேபோல முரண்டு பிடித்தால், அதுவும் ரிவர்ஸில் சத்தம் வந்தால், முதலில் கிளச்சைப் பாருங்கள்.

ஆயில் விஷயத்திலும் ஒரு வார்த்தை. டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். 5 பெரிய நம்பர், அதனால் உசத்தி என்று ஊற்றிவிடுவார்கள். பின்ஆக்ஸிலுக்கான அந்த ஆயிலில் கந்தகச் சேர்மானம் அதிகம். சூட்டில் அது பித்தளையை அரிக்கக்கூடும். கம்பெனிப் புத்தகத்தில் எந்த நம்பரோ அதுதான்.

முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் பலவற்றின் தலையிலும் ஒரு கியர் பெட்டி உண்டு. நிமிடத்துக்கு 15, 20 சுற்று சுற்றும் இறக்கையை ஜெனரேட்டருக்கு 1,500 சுற்றாக்கித் தருவது அதுதான். கிரேன் வாடகையை நினைத்தாலே பயம் என்பதால் அங்கேயும் ஆயிலில் துகள் எண்ணி, அதிர்வு கேட்டு, கடைசியில்தான் பிரிப்பார்கள். அதே ஆயில் சோதனை குலசேகரத்து வண்டிக்காரருக்கு நூறு ரூபாயில் கிடைக்க வேண்டாமா? தேய்மானத்தை ஒரு தனி அறிவியலாக எடுத்துக்கொண்டால் நாட்டுக்கு ஆண்டுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் மிஞ்சும் என்று பிரிட்டனில் 1966இலேயே ஜோஸ்ட் அறிக்கை கணக்குப் போட்டுச் சொன்னது. பக்கத்து மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கிறோம், பெருமைதான். நாகர்கோவில் கோணத்து ஐடிஐ மாதிரி ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆயில் சோதனைக் கருவி வாங்கிப் போட அதில் ஒரு துளி காசு போதும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

சரி, அம்மா. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதால் கியர் பெட்டிக்கு நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை, வைத்துவிட்டுப் போகட்டும். நடுரோட்டில் பூசணிக்காய் உடைப்பதுதான் ஆகாது, பின்னால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான். எனக்குக் கோபம் வருவது டப்பாவில் அடைத்து விற்கும் நவீன எலுமிச்சம்பழத்தின் மேல். 'ஊற்றினால் கியர் சத்தம் போகும்' என்கிற கெட்டிக் குழம்பு. பழைய வண்டி விற்கிறவர்கள் சத்தத்தை அமுக்கப் பெட்டிக்குள் மரத்தூள் போட்டதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

வாசகர் தட்டில் வடித்த ஆயிலைப் படமெடுத்து அனுப்பினார். பொன்துகள். காந்தத்தில் வெறும் களிம்பு. போன வாரம் பெட்டியை இறக்கினார்கள். ரிங்கை கூம்பின்மேல் அழுத்திவைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்ததில் ரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை; புதிதில் பல வண்டிகளில் அது ஒரு மில்லியை ஒட்டி இருக்கும். பூட்டுப் பற்களின் முனை லேசாக மழுங்கியிருந்தாலும் உடைசல் இல்லை. இறக்குகிற கூலி எப்படியும் ஒன்றுதான் என்பதால் இரண்டாவது, மூன்றாவது ரிங், முன்பக்க பேரிங், ஆயில் சீல், கிளச் பிளேட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். வேறு பெட்டி தேவைப்படவில்லை.

கழற்றிய ரிங்கைத் தூக்கிப் போட வேண்டாம் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆசான் ஒரு புது ரிங்கும் கொடுத்தார். புதியதன் உள்பக்கத்தில் நகத்தை ஓட்டினால் 'கிர்ர்' என்று வரிவரியாகத் தட்டுப்படுகிறது. பழையதில் நகம் கண்ணாடி வளையலில் போவதுபோலப் போகிறது.