அடிநாக்கு வரை போகும் ரோபோ

கண்ணாடி முன் நின்று வாயை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் உள்நாக்குப் பக்கம் வரைதான் தெரியும். அதற்கப்புறம் தொண்டை கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தில்தான் அடிநாக்கு இருக்கிறது. அங்கே புற்றுக்கட்டி வந்தால் நேராகப் பார்க்க வழியில்லை; கருவியை நீட்டினால் டாக்டரின் கையே பார்வையை மறைக்கும்.

முன்பெல்லாம் இதற்காகக் கீழுதட்டைப் பிளந்து, தாடை எலும்பை அறுத்து விலக்கி உள்ளே போனார்கள். கட்டி சிறியதாகத்தான் இருக்கும், அதை எட்டப் போட்ட காயம் பெரியது. பிறகு எலும்பைத் தகடு வைத்துப் பொருத்த வேண்டும். பேச்சும் விழுங்குவதும் பழைய நிலைக்கு வர நெடுநாள் ஆகும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் டா வின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவை வாய் வழியாகவே செலுத்தும் முறையை உருவாக்கினார்கள். ஆரம்பக் கட்டக் கட்டிகளுக்கு 2009 டிசம்பரில் அந்நாட்டு அனுமதி கிடைத்தது.

மயக்க மருந்து கொடுத்து, பற்களுக்குக் காப்பு வைத்து, நாக்கில் ஒரு தையல் போட்டு முன்னால் இழுத்துக்கொள்வார்கள். உலோகச் சட்டம் ஒன்று வாயைத் திறந்தே வைத்திருக்கும். அதன் வழியே ஒரு கேமராவும் இரண்டு கருவிகளும் போகும். கேமராவின் முனை 30 டிகிரி சாய்ந்து பார்ப்பதால் திருப்பத்துக்கு அந்தப்புறமும் தெரியும், அதுவும் பத்து மடங்கு வரை பெரிதாக, ஆழத்தோடு. கருவியின் தடிமன் 5 அல்லது 8 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் நுனியில் நம் மணிக்கட்டைப் போல மடங்கித் திரும்பும் மூட்டு உண்டு. சூட்சுமமே அதில்தான்: கை வெளியே நின்றுவிடுகிறது, மணிக்கட்டு மட்டும் தொண்டைக்குள் போகிறது.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. சில அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் சர்ஜனின் விரல் அசைவை, நடுக்கத்தை நீக்கிச் சிறிதாக்கி உள்ளே செய்கிறது. நோயாளியின் தலைமாட்டில் இன்னொரு டாக்டர் ரத்தத்தையும் புகையையும் உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருப்பார். பெரும்பாலான மாடல்களில் தொடு உணர்வு கிடையாது. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே கணிக்க வேண்டும். நாக்குக்குப் போகும் தமனி பக்கத்திலேயே ஓடுவதால், பின்னாளில் ரத்தம் கசியாமலிருக்கக் கழுத்திலேயே சில ரத்தக்குழாய்களைக் கட்டிவிடுவதும் உண்டு.

சென்னையில் தனியார் மருத்துவமனைகளோடு, ஓமந்தூரார் அரசு மருத்துவமனையிலும் 2022இல் ரோபோ அறுவை சிகிச்சை மையம் வந்துவிட்டது. ஆனால் நம் ஊரில் பெரிய தடை வேறு: திறக்காத வாய். மாவா, குட்காவில் இருக்கும் பாக்கு கன்னத்தின் உட்தோலை நாராக இறுக்கிவிடும். அப்புறம் அந்தச் சட்டம் உள்ளே உட்காராது. கழுத்துக்கு ஏற்கெனவே கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் இதே இறுக்கம் வரலாம். கேமராவும் மூன்று கருவிகளும் 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்றுக்குள்ளேயே அடங்கும் புது ரோபோவுக்கும் வாய் ஓரளவு திறந்தாக வேண்டும். அதனால் முதலில் மயக்கத்தில் வைத்து இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் கதிர்வீச்சு, அல்லது பழையபடி தாடையைத் திறப்பது.

பாக்கு போடும் பழக்கம் இருந்தால், மூன்று விரல்களைச் சேர்த்து மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே செங்குத்தாக வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், வலியோ கட்டியோ இல்லாவிட்டாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பல் மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள்.