பத்து வினாடிக்கு ஒரு மூச்சு

செபமாலை சொன்னால் மனம் அடங்குகிறதே, அது கடவுள் செயலா, உடம்பின் வேலையா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். முதல் பாதிக்குப் பதில் சொல்ல நான் ஆள் இல்லை. இரண்டாம் பாதியைப் பார்க்கலாம்.

இத்தாலியரான லூசியானோ பெர்னார்டியும் சக ஆய்வாளர்களும் 23 பேரை, செபமாலையில் திரும்பத் திரும்ப வரும் 'ஆவே மரியா' (அருள் நிறைந்த மரியே) செபத்தை இலத்தீனில் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, மூச்சையும் இதயத்துடிப்பையும் பதிவு செய்தார்கள். ஆய்வு 2001 டிசம்பரில் வெளிவந்தது. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார்கள். செபத்தின்போது அது ஏறக்குறைய 6 ஆனது. யோக மந்திரம் சொன்னபோதும் அப்படித்தான்.

காரணம் எளிது. அந்தச் செபத்துக்கு இரண்டு பாதி. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். நம் பாதியை வெளிமூச்சில் சொல்லி முடித்து, அடுத்தவர் முறை வரும்போது மூச்சை இழுத்துக்கொள்கிறோம். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 வினாடி.

சரி, அந்தப் பத்து வினாடியில் என்ன விசேஷம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இழுவையை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இரத்த அழுத்தம் ஏறினால் குழாய்ச் சுவர் விரியும், மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளத்துக்குச் செய்தி போகும், இதயம் நிதானிக்கும், இரத்தக் குழாய்கள் தளரும். இதயம் உடனே கேட்டுக்கொள்கிறது. குழாய்களோ சில வினாடி தாமதம். வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டுக் காத்திருப்போமே, சூடு போதவில்லையே என்று இன்னும் திருகி, கொதிநீர் வந்ததும் பதறி மூடுவோமே, அதே கதை. அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கிவிடும், அப்புறம் தேவைக்கு மேல் ஏறும். இப்படி எழும் அலை ஒன்றுக்கு ஏறக்குறைய 10 வினாடி. 1876இல் இதை விவரித்த சீக்மண்ட் மேயரின் பெயரில் மேயர் அலைகள் என்கிறார்கள்.

மூச்சை இழுத்தால் துடிப்பு விரையும், விட்டால் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிரேக் போடும். மணிக்கட்டில் விரல் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், பலருக்கு இது தெரியும். இந்த ஏற்ற இறக்கமும் பத்து வினாடிக்கு ஒன்றாகும்போது, ஊஞ்சல் திரும்பும் கணம் பார்த்துத் தள்ளியது போல இரண்டும் ஒன்றுகூடுகின்றன. துடிப்பின் அசைவு பெரிதாகிறது. அழுத்தத்தைச் சீராக்கும் அந்த அனிச்சைச் செயலும் கூர்மையானதை பெர்னார்டி குழு அளந்து காட்டியது.

இதை வைத்துக்கொண்டு 'செபித்தால் பிரஷர் மாத்திரை வேண்டாம்' என்று பரப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இருபத்து மூன்று பேரிடம் சில நிமிடங்கள் அளந்தது சிகிச்சை ஆகாது.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் 'ஒரு மூச்சுக்கு ஒரு சொல்' என்று செபிக்கும் முறையைச் சொல்கிறார். அது அச்சானது 1548இல். இசிஜிக்கு இன்னும் முந்நூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

மூளைப் படங்களுக்குக் கிடைக்கும் பணமும் பரபரப்பும் இந்த மூச்சுக் கணக்குக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். 2006இல் மான்ட்ரியலில் கார்மேல் துறவற சபைக் கன்னியர் 15 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இறை அனுபவத்துக்கென்றே மூளையில் 'கடவுள் புள்ளி' என்று ஓரிடம் சிக்கவில்லை, மூளையின் பல பகுதிகள் சேர்ந்து இயங்கின. அதுவும் பழைய இறை அனுபவத்தை நினைத்துப் பார்க்கும்போது எடுத்த படம்தான். நேரடி அனுபவத்தைப் படம்பிடிக்க வழியில்லை, நினைத்த நேரத்தில் கடவுளைக் கூப்பிட முடியாது என்று கன்னியர்கள் சொல்லிவிட்டார்கள்.