கந்தகப் பொடி வேறு, எரிமலைப் புகை வேறு

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பல வருடமாக என்னிடம் ஆஸ்துமாவுக்குப் பார்க்கிறார். குடும்பத்தோடு இந்தோனேசியா டூர் போய் வந்த கையோடு, விடாத இருமலுடன் நாகர்கோவிலுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். போனது கிழக்கு ஜாவாவில் உள்ள புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்கா. புரோமோ எரிமலையின் உயரம் 2,329 மீட்டர். விடியும் முன்பே ஜீப்பில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். மணல்வெளியைத் தாண்டி, சுமார் 250 படி ஏறி, எரிமலை வாயின் விளிம்புக்குப் போனதும் நெஞ்சை அடைத்துவிட்டது. இன்ஹேலர்? ஜீப்பில் விட்ட பையில்.

"தோட்டத்துல கந்தகப் பொடி அடிக்கும்போ பக்கத்துலதானே நிக்கேன் டாக்டரே. நமக்குப் பழகினதுதானேன்னு நினைச்சேன்" என்றார்.

ரப்பர் துளிர்க்கும் பருவத்தில் இலையில் வரும் சாம்பல் நோய்க்கு நாம் அடிப்பது வெறும் தூள். எரிமலை வாயிலிருந்து வருவது கந்தக டை ஆக்சைடு என்ற வாயு. ஈரமான மூச்சுக்குழலில் பட்டதும் கரைந்து அமிலமாகிவிடும். ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிடத்திலேயே குழல் சுருங்கும். சும்மா நிற்கும்போது மூக்கின் ஈரமே இதில் பெரும்பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படியேறி இளைத்து, வாயால் மூச்சு இழுக்கிறோம் அல்லவா, அப்போதுதான் வில்லங்கம். வாயு நேராக உள்ளே போகும். அங்கே விடியற்காலைக் குளிர் வேறு. மருந்துவாழ்மலை ஏறிப் பழகிய கால் இதற்கெல்லாம் உதவாது.

"மாஸ்க் போட்டிருந்தேனே" என்றும் சொன்னார். எல்லோரும் சொல்வதுதான். என்95 சாம்பல் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதற்குத் தனி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். எரிமலைச் சாம்பலும் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது, பொடித்த பாறையும் கண்ணாடித் துகளும் கலந்தது. கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு மூக்குக்கண்ணாடியோடு போவது நல்லது.

பள்ளமான இடத்தில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டாம். எரிமலை விடும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தாழ்வில் தேங்கும். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கியவர் மயங்கி விழும் கதைகளை நாம் கேட்டுத்தானே வளர்ந்தோம். புகை நம் பக்கம் திரும்பினால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நகர வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்று தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளம்பும் முன் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். இந்தோனேசியாவில் கீழிருந்து மேலாக நான்கு படி உண்டு. 2023 டிசம்பரில் மேற்குச் சுமத்ராவின் மராபி வெடித்து 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபோது அது இரண்டாம் படியில்தான் இருந்தது. எரிமலை வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற அறிவுரையும் இருந்தது. ஜப்பானின் ஒன்டாக்கே 2014இல் வெடித்தபோது மிகக் கீழான படி, 'இயல்பு' என்று அறிவித்திருந்தார்கள். உள்ளே தேங்கிய நீர் கொதித்து நீராவியாக வெடித்தது, லாவாவே வரவில்லை. 63 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதனால் படி குறைவு என்றாலும் விளிம்பில் செல்ஃபிக்காக அரைமணி நேரம் நிற்காதீர்கள். பார்த்தோம், இறங்கினோம் என்று இருக்கட்டும்.

ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் ஆகியோரை நான் விளிம்புக்கு அனுப்ப மாட்டேன். தூரத்தில் காட்சிமுனைகள் இருக்கின்றன, படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

நம்மாள் அடுத்து ஹவாய் போகிறார், மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்குள்ள எரிமலைப் பூங்கா 1916இல் தொடங்கியது. வாயு அளவு கூடும் நாட்களில் எச்சரிக்கை கொடுப்பார்கள், கேளுங்கள் என்றேன். சீட்டின் மேலே பெரிதாக எழுதினேன்: நீல இன்ஹேலர் சட்டைப் பையில்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "டூர்ல நான் பனியன்தான் போடுவேன் டாக்டரே, அதுல ஏது பை?"

கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன்.