மிரளும் குதிரை: ஏறும் முன் தரையில் செய்ய வேண்டியது

காற்றில் சரசரக்கும் ஒரு பிளாஸ்டிக் பைக்கே துள்ளி ஒதுங்கும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் பயம், சில சமயம் வலி. அதனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் பல், முதுகு, குளம்பு மூன்றையும் காட்டிவிடுங்கள். சேணம் முதுகில் சரியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். வலிக்குச் சிகிச்சைதான் தீர்வு, பயிற்சி அல்ல.

தலைக்கயிற்றில் 12 அடி நீளப் பிடிகயிறு போதும். கையுறை, தலைக்கவசம், கால் மூடிய காலணி கட்டாயம். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. குதிரை பாய்ந்தால் அது இறுகி விரலையே எடுத்துவிடும். முன்னும் பின்னுமாக மடித்துப் பிடியுங்கள். நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் நிற்பவர் அதன் கண்ணில் படமாட்டார். தோளுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

முதல் பாடம், ஓர் அடி பின்வாங்குவது. கயிற்றில் மெல்ல அழுத்தம் கொடுங்கள். எடை பின்னால் சாய்ந்த அந்தக் கணமே தளர்த்திவிடுங்கள். குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, தளர்வில்தான் இருக்கிறது. இரண்டு நொடி தாமதித்தால் அது எதற்குக் கிடைத்த தளர்வு என்று அதற்குப் புரியாது. பிறகு, தலையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பின்னங்கால்களைக் குறுக்கே வைக்கப் பழக்குங்கள். மிரண்டு பாயும்போது அதன் வேகத்தை உடைக்கும் பிடி இதுதான். அமைதியாக இருக்கும் நாளில் பழக்காவிட்டால் அவசரத்தில் கைகொடுக்காது.

இனி தார்ப்பாய். மடித்துத் தரையில் போட்டு, தூரத்திலிருந்து நடத்தி வாருங்கள். காது விறைத்து, தலை உயர்ந்து, மூச்சு நின்றால் இன்றைய எல்லை அதுதான். அங்கேயே நில்லுங்கள், இழுக்காதீர்கள். காது ஒன்று உங்கள் பக்கம் திரும்பும், மூச்சு புஸ்ஸென்று வெளியேறும், தலை ஒரு சாண் இறங்கும். உடனே திருப்பி விலக்கி நடத்துங்கள். துள்ளும்போது விலக்கினால், துள்ளினால் தப்பிக்கலாம் என்றுதான் கற்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கட்டிப் போட்டு உடம்பெல்லாம் தார்ப்பாயால் தேய்த்து, 'பார், அசையாமல் நிற்கிறது' என்பார்கள். வாய் இறுகி, கண் இமைக்காமல், தசை கல்லாய் நின்றால் அது அடங்கியதல்ல, உறைந்துபோனது. பிற்பாடு முன்னறிவிப்பின்றி வெடிக்கும்.

சந்தேகமாக இருந்தால் தாடை எலும்பின் அடியில் நாடி பாருங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மிரண்ட பிறகு அது இறங்கும்வரை புதிதாக எதையும் காட்டாதீர்கள். ஒரு பயத்தின் மேல் இன்னொன்று ஏறினால் சின்னச் சத்தமே போதும், பிய்த்துக்கொண்டு ஓடும்.

பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். இடப்பக்கம் பழகியதை வலப்பக்கத்திலும் முதலிலிருந்து பழக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மறுநாள், முந்தைய நாள் குதிரை நின்ற தூரத்தைவிட இரண்டு அடி கூடுதலாகத் தள்ளியே தார்ப்பாயை வைத்துத் தொடங்குங்கள்.