வண்டியின் எர்த் வேறு, வீட்டின் எர்த் வேறு

“கையில் இப்படித் துணியைச் சுற்றிக்கொண்டு சாவியைத் திருகினால் கடிக்காது, சார்” என்று அந்தச் சிறுமி எனக்குச் செய்து காட்டினாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கைக்குட்டையை இரண்டாக மடித்துச் சாவியின் மேல் போட்டுப் பழகிய கையோடு திருகினாள். கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

தாம்பரத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லம் அது. “கம்ப்யூட்டர் சில நேரங்களில் லேசாக ஷாக் அடிக்கிறது, முடிந்தபோது வந்து பாருங்கள்” என்று பொறுப்பாளர் அம்மா சொல்லியிருந்தார். கல்லூரி மாணவர்கள் சிலர் காயலான் கடையில் தேடியெடுத்த கார் பாகங்களைக் கொண்டு தாங்களே செய்து நன்கொடையாகக் கொடுத்த பெட்டி. முகப்பில் பழைய அம்பாசிடரின் கிரில், பக்கங்களில் பானட் தகரத்தை வெட்டிச் செய்த பலகைகள், மேலே ஸ்பீடாமீட்டர், வலப்பக்கத்தில் இக்னிஷன் சுவிட்ச். டிங்கரிங் வேலையில் குறை சொல்ல முடியாது. சிவப்புப் பெயிண்டில் என் முகம் தெரிந்தது. கரண்ட் இருந்தால் விளக்கு எரியும் டெஸ்டரைக் கிரில்லில் வைத்தேன், எரிந்தது. கதவுக் கீலில் வைத்தேன், எரிந்தது. சாவியில் வைத்தேன், அங்கும் எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தேன். சுவரிலிருந்து வரும் பவர் கார்டை நடுவில் வெட்டி, கரண்ட் வரும் ஃபேஸ் வயரை இக்னிஷன் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோயிருந்தார்கள். 12 வோல்ட்டுக்காகச் செய்த சுவிட்சில் 230 வோல்ட். அதன் பின்புற டெர்மினலுக்கும் தகரத்துக்கும் நடுவே ஓர் அரிசி மணி அளவு இடைவெளிதான் இருந்தது. வெட்டிய கார்டில் எர்த்துக்கான பச்சை வயரை அழகாக மடித்து, டேப் சுற்றி, ஒரு ஓரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். தேவையில்லாத வயர் என்று நினைத்திருக்கிறார்கள்.

மாணவர்களிடம் தொலைபேசியில் கேட்டேன். “பாடிக்கு எர்த் கொடுத்திருக்கிறோம், சார். வண்டியில் கொடுப்பது போலவே கொடுத்தோம். எங்களுக்கு உதவிய மெக்கானிக் அண்ணன்தான் காட்டிக் கொடுத்தார்” என்றார்கள். உண்மைதான். கம்ப்யூட்டருக்குள் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கறுப்பு வயர் ஒன்றை லக் போட்டுத் தகரத்தில் போல்ட் வைத்து முடுக்கியிருந்தார்கள்.

இந்த வருடத்தில் இப்படி என் மேஜைக்கு வந்த மூன்றாவது பெட்டி இது. முதல் இரண்டையும் சரிசெய்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன். இனி வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்பதால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வருவதற்கு முன் மூன்று வருடம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். இரண்டு தொழிலும் தெரியும். இரண்டிலும் ‘எர்த்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். அந்தச் சொல்தான் இத்தனைக்கும் காரணம்.

வண்டியில் எர்த் என்பது என்ன? பேட்டரியின் நெகட்டிவை பாடியோடு இணைத்திருக்கிறார்கள். ஹெட்லைட்டுக்கு ஒரு வயர் போனால் போதும், கரண்ட் திரும்பி வருவதற்கு பாடியே வழி. வயர் மிச்சம். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, அதற்கும் மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பட்டறையில் ‘எர்த் கொடு’ என்றால் ‘திரும்பும் வழியைக் கொடு’ என்று பொருள். வண்டி ஓடும்போதெல்லாம் அந்த எர்த்தில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வீட்டு எர்த் அப்படியில்லை. கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுகிறோமே, அங்கே போய்ச் சேரும் வயர் அது. மிகச் சிறிய கசிவைத் தவிர, அதில் எந்நாளும் கரண்ட் ஓடக் கூடாது. உள்ளே ஒரு ஃபேஸ் வயர் அறுந்து தகரத்தில் படும் நாளில் மட்டும், அந்தக் கரண்ட் முழுவதையும் தன் மேல் இழுத்துக்கொண்டு ஃபியூஸையோ எம்.சி.பி.யையோ விழ வைப்பதுதான் அதன் வேலை. பிளக்கின் மூன்று பின்களில் மேலே இருக்கும் எர்த் பின் ஏன் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கிறது? செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும். அந்தப் பச்சை வயருக்கு மாற்றே கிடையாது. கறுப்பு வயரைத் தகரத்தில் முடுக்குவது நிச்சயமாக மாற்று இல்லை.

“காரும் 12 வோல்ட், கம்ப்யூட்டரும் 12 வோல்ட், இதில் என்ன ஷாக் அடிக்கப் போகிறது?” என்று கேட்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் ஓடுவது 12 வோல்ட்தான், ஆனால் பெட்டிக்குள் நுழைவது 230 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து ஒன்றும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கும். பச்சை வயர் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கூடு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே தொங்கும், ஏறத்தாழ 115 வோல்ட்டில். கறுப்பு வயர் உள்ளே அதே கூட்டோடுதான் இணைந்திருக்கிறது. ஆக, அந்த மாணவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அந்தக் கசிவைப் பெட்டியின் தகரமெங்கும் பரப்பிவிட்டார்கள்.

“லேசாகச் சுர்ரென்றுதான் இருக்கிறது” என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கசிவில் கரண்டின் அளவு மிகக் குறைவு, அதனால் கடிப்பதோடு நிற்கிறது. ஆனால் அந்தக் கடி, எர்த் இல்லை என்பதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாளை அந்த அரிசி மணி இடைவெளி மூடினால் முழு 230 வோல்ட்டும் தகரத்துக்கு வரும். நீர் தெளித்துத் துடைத்த தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை நிற்கும். வீட்டில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும்படி ஏன் அமைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இல்லத்தில் ஆர்.சி.சி.பி.யும் இல்லை.

இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் ரிச்சி தெருவிலிருந்து புதுப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் மலைபோல் கார் பாகங்கள். இளைஞர்களுக்குக் கை பரபரக்காமல் இருக்குமா? செய்யுங்கள். ஆனால் நான் சொல்வதைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

பவர் கார்டை வெட்டவே வெட்டாதீர்கள். சாவி போட்டுத்தான் கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டும் என்றால், மதர்போர்டில் பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து மெல்லிய வயர் இரண்டை இழுத்து இக்னிஷன் சுவிட்சில் கொடுங்கள். அங்கே 5 வோல்ட்டுக்கு மேல் வராது. சாவியின் ‘ஆன்’ நிலையில் கொடுக்காதீர்கள், திருகிவிட்டால் தானாகத் திரும்பும் ‘ஸ்டார்ட்’ நிலையில் கொடுங்கள். ‘ஆன்’ நிலையில் கொடுத்தால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதாக மதர்போர்டு எடுத்துக்கொண்டு, நான்கைந்து நொடிகளில் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். அந்த மாணவர்கள் முதலில் இப்படித்தான் முயன்றிருக்கிறார்கள். சரிவரவில்லை என்று 230 வோல்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்து பெயிண்ட். கார் தகரத்தின் மேல் பிரைமர், பட்டி, பெயிண்ட், லேக்கர் என்று எத்தனை அடுக்கு! எதுவும் கரண்டைக் கடத்தாது. போல்ட் முடுக்கியிருக்கிறது என்பதால் எர்த் கிடைத்துவிட்டது என்று நம்பாதீர்கள். போல்ட் உட்காரும் இடத்தில் தகரம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்டுங்கள், பல் வாஷர் போடுங்கள். கீலில் ஆடும் கதவுக்குத் தனி எர்த் வயர் வேண்டும். பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையை கிரில், கதவு, சாவி, ஸ்பீடாமீட்டர் வளையம் என்று கைபடும் ஒவ்வொரு உலோகத்திலும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஒன்றில் காட்டாவிட்டாலும் வேலை முடியவில்லை.

பெட்டி மட்டும் சரியாக இருந்தால் போதாது, போய்ச் சேரும் இடத்தின் சாக்கெட்டையும் பாருங்கள். பல இல்லங்களில் எர்த் ஓட்டை பெயருக்குத்தான் இருக்கும், பின்னால் வயரே இருக்காது. சில எலெக்ட்ரீஷியன்கள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த்துக்குக் கொடுத்து ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதைவிடக் கொடுமை வேறில்லை. என்றாவது நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் நேராகப் பெட்டியின் மேல் வந்து நிற்கும். தயவுசெய்து செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

பாகங்களைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் டேங்கைத் தொடாதீர்கள். காலி டேங்க், கழுவிய டேங்க், பத்து வருடம் வெயிலில் கிடந்த டேங்க், எதுவானாலும் கிரைண்டரையோ வெல்டிங்கையோ அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும் என்பது பட்டறைப் பையனுக்கும் தெரியும். டேங்கின் வளைவுதான் வேண்டுமென்றால் மட்கார்டில் அதே வளைவு கிடைக்கும்.

ஸ்டியரிங் வாங்கினால் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே ஏர்பேக் இருக்கலாம். 2019 ஜூலையிலிருந்து இங்கே புதுக் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம், ஆகவே காயலான் கடைக்கு வரும் ஸ்டியரிங்குகளில் அது மேலும் மேலும் வரப்போகிறது. பேட்டரி இல்லையே என்று அலட்சியப்படுத்தாதீர்கள். அதற்குள் இருப்பது வெடிமருந்து. சிறு கரண்ட் போதும், ஏறத்தாழ 30 மில்லி செகண்டில் விரிந்துவிடும். வயர் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பதுகூட ஆபத்து. மஞ்சள் கனெக்டரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். இந்த வருடம் வந்த முதல் பெட்டியின் ஸ்டியரிங்கில் ஏர்பேக் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி எல்.இ.டி. பட்டை ஒட்டியிருந்தார்கள்.

ஹெட்லைட்டில் பழைய ஹாலஜன் பல்பு வேண்டாம். 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், கண்ணாடி தொட முடியாதபடி கொதிக்கும். எல்.இ.டி. போடுங்கள். துத்தநாகம் பூசிய தகரத்தை மூடிய அறையில் வெல்டிங் செய்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வரும், திறந்த வெளியில் செய்யுங்கள். வெட்டிய ஓரங்களை அரம் போட்டு மழுக்கிவிட்டு, கார் கதவில் இருக்கும் ரப்பர் பீடிங்கையே எடுத்து மாட்டுங்கள். அதுவும் புதுப்பேட்டையில் கிடைக்கும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இல்லத்துப் பொறுப்பாளர்கள் அந்தப் பழமொழிப்படிதான் நடந்துகொள்கிறார்கள். கொடுத்தவர் மனம் நோகுமே என்று அந்த அம்மா நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைகளும் புகார் செய்யவில்லை, கைக்குட்டையைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஆகவே பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டியது கொடுப்பவர்தான். பெட்டியை ஏலத்தில் விட்டு, வருகிற பணத்தில் கடையில் விற்கும் சாதாரண கேபினெட் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கிக் கொடுத்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். இல்லை, இந்தப் பெட்டியையே குழந்தைகளிடம் கொடுக்கத்தான் ஆசை என்றால், மூடியின் உட்புறம் ஒரு சீட்டை ஒட்டுங்கள். எர்த் சோதித்த தேதி, சோதித்தவர் பெயர், தொலைபேசி எண், மூன்றும் அதில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை நீங்களே போய்ச் சோதித்துப் புதுத் தேதியை எழுதுங்கள்.

அந்தச் சிவப்புப் பெட்டியை மாணவர்களை வரவழைத்து, அவர்கள் கையாலேயே பிரித்து மாட்ட வைத்தேன். புது பவர் கார்டு, சுரண்டிய போல்ட்டுகள், கதவுக்குத் தனி வயர், சாவிக்கு மெல்லிய வயர் இரண்டு. இல்லத்தின் சாக்கெட்டுகளுக்கு எர்த் குழி புதிதாகப் போட வேண்டியிருந்தது, ஆர்.சி.சி.பி.யும் வாங்கினோம். செலவில் பாதியை மாணவர்களே ஏற்றுக்கொண்டார்கள். பெட்டி செய்து வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலைகளில் என் கடைக்கு எடுத்து வாருங்கள், சோதித்துத் தருகிறேன், பணம் வேண்டாம். பவர் கார்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அதைத்தான் முதலில் பார்ப்பேன்.